நனையாத் தாள்

மிதவூரில் விடிந்ததும் முதல் வேலை, குடத்தைக் கொடியில் காயப்போடுவது. குடம், வாளி, சோற்றுத் தட்டு, செருப்பு, பிள்ளைகளின் கிலுகிலுப்பை எல்லாமே அங்கே காகிதம். இரவெல்லாம் தண்ணீரைத் தாங்கி ஊறிப்போன குடத்தை அப்படியே விட்டால் மத்தியானத்துக்குள் அடி கழன்றுவிடும். ஆகவே வீட்டுக்கு வீடு வாசலில் கொடி கட்டி, துணியோடு துணியாகக் குடங்களையும் தொங்கவிடுவார்கள். காற்று அதிகமான நாளில் குடங்கள் பிய்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இது உன் குடமா என் குடமா என்று தெருவில் சண்டை வராத நாள் குறைவு.

நீங்கள் சிரிக்கலாம். பிளாஸ்டிக் என்று ஒன்று கையில் இருக்கிறவரை சிரிப்பு வரத்தான் செய்யும். அதைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர் ஒன்றை வளர்த்தார்கள். நெகிழியுண்ணி என்று பேர் வைத்து, மாலை போடாத குறையாகக் குப்பைமேட்டில் கொண்டுபோய் விட்டார்கள். குப்பை எது, குடம் எது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? இரண்டு தலைமுறைக்குள் உலகத்தில் ஒரு பேனா மூடிகூட மிஞ்சவில்லை. இன்றைக்கு யாராவது ஒரு பிளாஸ்டிக் பொத்தானைச் செய்து மேசையில் வைத்தால், வாழைப்பழத் தோலுக்கு முன்னால் அது அழுகிவிடும். மலிவாக மிஞ்சியது மரமும் பாசியும் அவற்றின் நாரும்தான். மனிதர்களா சளைப்பவர்கள்? எல்லாவற்றையும் காகிதத்தில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீரை மட்டும்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மிதவூரோ தண்ணீரிலேயே இருந்தது. கோடியக்கரைக்குக் கிழக்கே கடலின்மேல் வடம் போட்டுக் கட்டிய ஊர் அது. ஊர் எந்நேரமும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் கண்ணாடிச் சாமானும் மண்பாண்டமும் எந்த வீட்டிலும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. தகரம் உப்புக்காற்றில் ஓட்டையாகிவிடும், பித்தளை விலை கட்டாது. வெளியூரிலிருந்து சரக்கு கொண்டுவரும் வான்சுமப்பிகள் அந்தக் காற்றில் ஊருக்குள் இறங்கமாட்டா. அரிசி, சர்க்கரை, மருந்து எல்லாவற்றையும் பொட்டலங்களாக, பக்கத்தில் வலை கட்டிய கடலில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். பொறுக்குப் படகுகள் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பொட்டலம் ஊறிக் கரைந்திருக்கும். அந்தப் பக்கத்து மீன்கள் நல்ல கொழுப்பு.

ஊருக்கு இதெல்லாம் சலிப்பு. நார்ப்பொறியாளர் மதலேனுக்கு இது உயிர்ப்பிரச்சினை. அவள் கணவன் இன்னாசி, ஊரைக் கட்டியிருக்கும் வடங்களைப் பார்த்துக்கொள்கிறவன். வாட்டசாட்டமான ஆள். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, அந்த இடத்தில் வடிகலன் என்ற சின்னக் கருவியை வயிற்றுக்குள் வைத்திருந்தார்கள். அது ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டுமானால், வாரம் ஒருமுறை வடிபொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். குடிக்கும்போதுதான் தண்ணீர் படலாம். அதற்கு முன்னால் ஈரக்காற்றில் ஒரு நாள் கிடந்தாலே பொடி இறுகிக் கல்லாகிவிடும். கல்லானதைக் கரைத்துக் குடித்தால் வடிகலன் அடைத்துக்கொள்ளும்.

போன மழைக்காலத்தில் அடுத்தடுத்து இரண்டு வாரப் பொட்டலங்கள் கடலோடு போயின. இன்னாசிக்குக் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. வடத்தை ஒற்றைக் கையால் இழுக்கிறவன், தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியாமல் பாயில் கிடந்தான். "ஒண்ணுமில்ல, சும்மா அசதி" என்று அவன் சொல்லச் சொல்ல மதலேன் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது பொட்டலம் எப்படியோ நனையாமல் வந்து அவனை எழுப்பி உட்காரவைத்தது. அடுத்த மழைக்காலத்தில் அந்த 'எப்படியோ'வை நம்பியிருக்க அவள் தயாராக இல்லை.

அவள் வேலை பார்த்த நார்க்கூடத்தில் இந்தக் கேள்வி புதிதல்ல. காகிதத்தின் மேல் மெழுகு பூசிப் பார்த்திருந்தார்கள். மடிக்கிற இடத்தில் மெழுகு விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. மேலே பூசிப் பிரயோசனமில்லை, நாரையே மாற்ற வேண்டும் என்பது மதலேனின் கட்சி. செல்லுலோஸ் நார் என்பது சின்னஞ்சிறு கைகள் முளைத்த கயிறு. நாரும் நாரும் கைகோத்து நிற்பதால்தான் காகிதம் காகிதமாக இருக்கிறது. தண்ணீர் வந்துவிட்டால் போதும், நார் பக்கத்து நாரை விட்டுவிட்டுத் தண்ணீரின் கையைப் பிடித்துக்கொள்ளும். மனுஷர்களிலும் அந்த மாதிரி உண்டு, அது வேறு கதை.

முந்திரிக்கொட்டை எண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பை ஒவ்வொரு கைக்கும் உறைபோல மாட்டிவிட்டாள் மதலேன். தண்ணீர் ஒட்டவில்லை. ஆனால் நாரும் நாரும் ஒட்டவில்லை, தாள் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மாதக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டிய பிறகு, ஒரு நாள் இட்லிப் பானையைத் திறக்கும்போது அவளுக்கு யோசனை வந்தது. முதலில் தாளைச் செய்துவிட வேண்டும். நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளட்டும். அப்புறம் அந்தக் கொழுப்பை ஆவியாக்கித் தாளை அதில் காட்ட வேண்டும். பிடித்த கைகள் பிடித்தபடி இருக்கும், சும்மா இருக்கும் கைகள் மட்டும் கையுறை மாட்டிக்கொள்ளும். அப்படித்தான் ஆயிற்று. அந்தத் தாளில் தண்ணீர் ஊற்றினால் சேப்பங்கிழங்கு இலையில் ஓடுகிற மாதிரி உருண்டு ஓடியது. மடித்தாலும் கசக்கினாலும் அப்படியே ஓடியது. அதற்கு நனையாத் தாள் என்று பேர் வைத்தார்கள்.

கரைசல் வாரியத்தின் தலைவர் திருவேங்கடம் அதைப் பார்க்க நார்க்கூடத்துக்கே வந்தார். நெற்றி நிறைய விபூதி வைத்த, அதிகம் பேசாத மனிதர். உலகத்தில் எந்தப் பொருளைச் செய்தாலும் அவருடைய வாரியம் ஒப்புக்கொண்டால்தான் வெளியே போகும். நனையாத் தாளில் செய்த உறையைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எடுத்து, உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். விரல் ஈரமாகவில்லை.

"எல்லாம் சரிம்மா. இது எப்போ சாகும்?" என்றார்.

மதலேனுக்குப் புரிந்தது. சாகத் தெரியாத பொருளை மனிதர்கள் இனிச் செய்யக்கூடாது என்பதுதான் பிளாஸ்டிக் காலத்துக்குப் பிறகு உலகம் போட்டுக்கொண்ட முதல் சட்டம்.

"சாகவச்சிடலாம் சார். எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க."

தாளுக்குள் உறங்கும் நொதி ஒன்றைச் சேர்த்தாள். கடல்தண்ணீர் பட்ட நாளிலிருந்து அது மெல்ல விழித்துக்கொள்ளத் தொடங்கும். மூன்று மாதம் ஆனதும் முழுதாக எழுந்து கையுறைகளைத் தின்று, நாரையும் தின்று, தாளைக் கூழாக்கிவிடும். கரைகடிகாரம் என்றார்கள். தேவைப்படும்வரை கெட்டியாக நிற்கும், தேவை முடிந்ததும் போய்விடும் பொருள் ஒன்றை மனித குலம் கண்டுபிடித்துவிட்டது என்று வாரியம் மகிழ்ந்தது. முன்னோர் செய்த தப்பு இனி நடக்காது என்றார் திருவேங்கடம்.

முதல் சரக்கு வந்து விழுந்த அன்று மிதவூரே வலையோரம் நின்றது. பொறுக்குப் படகு கொண்டுவந்த உறைகளில் கடல் சொட்டியது. மதலேன் வடிபொடி உறையை வாங்கிப் பிரித்தாள். பொடி பொலபொலவென்று இருந்தது. ஊதினால் பறந்துவிடும் போல அவ்வளவு உலர்ந்து இருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "அழுவுறதுக்கு என்னா இருக்கு? நீ ஊதி ஊதியே பாதிய காலி பண்ணிடாத" என்று இன்னாசி உறையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். அவன் கண்ணும் சரியாக இல்லை.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். மிதவூரில் மனிதர்கள் குடியிருந்ததால் முடியவில்லை.

உறையின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது: 'பொருளை இந்த உறையிலேயே வைத்திருக்கவும். தீர்ந்ததும் உறையைக் கரைசல் தொட்டியில் போடவும். மூன்று மாதத்தில் தானே கரையும்.' ஊரில் எல்லாருக்கும் படிக்கத் தெரியும். எல்லாரும் படித்தார்கள். படித்துவிட்டு, உறையை உள்ளங்கையால் தேய்த்து நீவி, நாலாக மடித்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பெரிய உறைக்குள் செருகினார்கள். "அவங்க அப்படித்தான் போடுவாங்க" என்பது பக்கத்து வீட்டு ஜொகராவின் கருத்து. "கரையும்னு போட்டாத்தானே நம்ம தூக்கிப் போடுவோம், அவங்க இன்னொண்ணு செய்வாங்க? இவ்வளவு கெட்டியான கவரப் போய் யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

உங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் என்ன தொங்குகிறது என்று நான் கேட்கப்போவதில்லை.

மதலேன் வீட்டிலும் ஆணி இருந்தது. அதில் பை இருந்தது. இன்னாசிதான் மாட்டினான். அவள் ஒரு தரம் கேட்டாள்.

"என்னங்க இது? தொட்டியில போடச் சொல்லித்தானே அச்சடிச்சிருக்கோம். செஞ்சவ வீட்டுலயே இப்படின்னா?"

"கெடக்கட்டும். சோறா கேக்குது? எதுக்காவது உதவும்."

அவளுக்கு நார்க்கூடத்தில் தலைக்குமேல் வேலை. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் நனையாத் தாள் கேட்டார்கள். விடிவதற்குள் போய் விளக்கு வைத்த பிறகு வருகிறவள், ஆணியில் தொங்குவதைப் பற்றி எவ்வளவு நேரம் சண்டை போடுவாள்? வீட்டைத் துரை பார்த்துக்கொண்டது. துரை என்பது உடையாத கெட்டிப் பீங்கானும் பித்தளையுமாகச் செய்த இல்ல இயந்திரம். அதன் சிறப்பே, அதற்கு யாரும் வேலை சொல்லவேண்டியதில்லை என்பதுதான். வீட்டு மனிதர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து வீட்டு வழக்கத்தைத் தானே கற்றுக்கொள்ளும். இன்னாசிக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை என்று மதலேனுக்கு மறந்தாலும் துரைக்கு மறக்காது.

ஜொகரா அவ்வப்போது வாசலில் வந்து நிற்பாள். "இன்னாசி, மருந்து வர்ற கவரு ஒண்ணு குடுப்பா. அது மத்ததவிட நல்ல வழுவழுன்னு இருக்கு." மருந்துக்கு உயர்ந்த ரகத் தாள் என்பது உண்மைதான். இன்னாசி தாராளமாகக் கொடுப்பான். பெண்டாட்டி செய்த பொருளை ஊரே கேட்டு வாங்குவதில் அவனுக்குப் பெருமை.

ஐப்பசியில் காற்று பேயாட்டம் போடத் தொடங்குவதற்கு முன்னால், அந்தப் பருவம் முழுமைக்குமான மருந்தை வான்சுமப்பி ஒரேயடியாகப் போட்டுவிட்டுப் போயிற்று. வாரத்துக்கு ஓர் உறையாக ஒரு கட்டு. அதைப் பார்த்துவிட்டு மதலேன் பல வருஷம் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள். மழை கொட்டியது. ஊர் ஆடியது. இனிக் காற்று அடங்கும்வரை எந்தச் சுமப்பியும் வராது. வராவிட்டால் என்ன, வீட்டில்தான் எல்லாம் இருக்கிறதே.

மழைக்காலத்தின் கடைசி வாரங்களில் ஒரு காலை, ஜொகரா வீட்டிலிருந்து அலறல் கேட்டது. மகள் கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பட்டுப்புடவையை முதல் சரக்கில் வந்த அரிசி உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். திறந்தால் புடவைமேல் ஒரு விரல் கனத்துக்குக் கூழ். அவள் வாயை மூடுவதற்குள் எதிர்வீட்டில் அலறல், அப்புறம் பின்வீட்டில். ஊரில் முதல் சரக்கின் உறைகள் எல்லாம் ஒரே நாள் கடலில் விழுந்தவை. கரைகடிகாரம் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி அடித்தது. சர்க்கரை, விதைநெல், வீட்டுப் பத்திரம், கோயில் ஊதுபத்தி, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், எதெதெல்லாம் கெடக்கூடாது என்று ஜனங்கள் நினைத்தார்களோ அதெல்லாம் கூழுக்குள் இருந்தது. முதல் சரக்கின் உறை ஒன்றை வாங்கிப்போயிருந்து, அன்று காலை வாரியத்திலிருந்து சுவர்த்திரையில் பேசிய திருவேங்கடத்தின் நெற்றிகூட வெறுமையாக இருந்தது. அவர் எதில் விபூதி போட்டு வைத்திருந்தார் என்று மதலேன் கேட்கவில்லை.

அவள் ஜொகராவைத் தேற்றப் போனவள், பாதி வழியில் சட்டென்று நின்று வீட்டுக்கு ஓடிவந்தாள். மருந்துத் தட்டில் புது உறைகளின் கட்டைக் காணோம். அந்த இடத்தில் ஒரே ஒரு மேடு இருந்தது. கூழ் படிந்த, சாம்பல் நிறக் கல்.

"துரை" என்று கூப்பிட்டாள். "வடிபொடி எங்க?"

"தட்டுலதான்மா வச்சேன். முதல்ல வந்த பெரிய மருந்து உறை இருந்ததில்லையா, கட்டு வந்த அன்னிக்கே அதுல எல்லாத்தையும் கொட்டி வச்சேன்."

"யாரு கொட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. வீட்டு வழக்கம்."

"எந்த வீட்டு வழக்கம்?"

"இந்த வீட்டு வழக்கம்தான். புதுக்குடம் வாங்கிட்டு வந்து பரண்ல வச்சீங்க, பழைய குடத்துக்கு ஒட்டுப் போட்டீங்க. உங்க தங்கச்சி குடுத்த பாயி இன்னும் சுருட்டின சுருட்டுலயே இருக்கு. ஐயாவுக்கு எடுத்த வேட்டி, அதுல பேப்பர்கூடப் பிரிக்கல. புது டப்பாவுல வந்த மிளகாய்த்தூள நீங்களே பழைய டப்பாவுல கொட்டி, புது டப்பாவத் தொடச்சி உள்ள வச்சீங்க. பழசப் புழங்கணும், புதுச வச்சுக்கணும். நான் தப்பாப் புரிஞ்சுகிட்டேனாம்மா?"

நார்க்கூடத்தில் மதலேன் சொன்னதையெல்லாம் நாடு கேட்டது. துரை அதைக் கேட்கவில்லை. அது அவளுடைய சமையலறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று இன்னாசி பொடி குடிக்கவேண்டிய நாள். அவன் வடங்களைப் பார்த்துவிட்டு நனைந்து வந்தான். தட்டில் இருந்த கல்லைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வடக்கே எங்கேயும் வானம் வெளுக்கவில்லை. அடுத்த சுமப்பி வர ஒரு வாரமாவது ஆகும் என்று அவனுக்கும் தெரியும். வேலைநாளில் வடம் இழுக்கிற உடம்புக்கு ஒரு வாரம் என்பது அதிகம். போன வருஷம் பட்டது இருவர் மனசிலும் ஒரே நேரத்தில் வந்து நின்றது.

"ஒண்ணுமில்ல" என்று தொடங்கினான்.

"ஒண்ணுமில்லன்னு சொன்னீங்கன்னா பாருங்க" என்று மதலேன் கத்தினாள். அவளுக்கு யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. துரைமேல் இல்லை. கதவுக்குப் பின்னால் போய், ஆணியில் தொங்கிய பையைப் பிடுங்கினாள். அதில் செருகியிருந்த புது உறைகளை அள்ளி, அத்தனையையும் கடலில் எறிந்துவிடுகிற வேகத்தில் உதறினாள்.

அவள் முழங்கையில் வெள்ளையாக ஏதோ படிந்தது.

உதறிய கை அப்படியே நின்றது. ஓர் உறையின் மடிப்பைப் பிரித்தாள். அடி மூலையில், ஒட்டிய இடத்தின் இடுக்கில், மெல்லிய கோடாகப் பொடி இருந்தது. உலர்ந்த, நல்ல பொடி. துரை கொட்டும்போது மூலையில் தங்கி, மடிப்புக்குள் ஈரக்காற்று படாமல் கிடந்தது. அடுத்த உறையிலும் இருந்தது. துரை மெத்தென்ற கோழி இறகு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டியது. இறகால் தட்டித் தட்டிச் சேர்த்தாள். கட்டில் பாதி உறைகள்தான் பையில் இருந்தன. சேர்ந்தது அரை வேளைக்குக்கூடக் காணாது.

"மிச்ச கவரெல்லாம் எங்க?"

இன்னாசி தலையைச் சொறிந்தான். "ஜொகரா கேட்டுச்சு. எதிர்வீட்டுக்காரங்க கேட்டாங்க. கடைசி வீட்டு அண்ணன்..."

அவள் மழையில் இறங்கினாள். ஜொகரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, புடவைத் துக்கத்தை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் வந்து நின்று குரல் கொடுத்தாள். "மருந்துக் கவரு வச்சிருக்கிறவங்க எல்லாம் எடுத்தாங்க. இன்னாசிக்கு வேணுமாம்." வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னாலிருந்து உறைகள் வந்தன. நெஞ்சோடு அணைத்து, மேலே காகிதக் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

மதலேனுக்குப் பயம். "யாராவது கழுவிட்டீங்களா? கழுவியிருந்தா அதுல ஒண்ணும் இருக்காதே."

"கழுவுறதா?" ஜொகராவுக்குக் கோபம் வந்தது. "புதுக் கவருல போய்த் தண்ணிய ஊத்துவோமா? வீணாப் போயிடாது?"

நனையவே நனையாத தாளை, அதைச் செய்தவளின் ஊர்க்காரர்கள், நனைந்துவிடும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். அதனால்தான் ஒவ்வோர் உறையின் மூலையிலும் பொடி அப்படியே இருந்தது. ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இறகால் தட்டினார்கள். ஒரு வேளைக்குப் பொடி சேர்ந்தது. கொஞ்சம் மிஞ்சியும் இருந்தது. இன்னாசி குடித்து முடித்ததும் அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"எதுக்காவது உதவும்னு சொன்னேன்ல?"

மதலேனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

காற்று அடங்கி, சுமப்பி வந்து, இன்னாசி பழையபடி வடத்தை ஒற்றைக் கையால் இழுக்கத் தொடங்கிய பிறகு, ஊர் கூடி ஒரு தீர்மானம் போட்டது. கரைகடிகாரத்தை எடுத்துவிட வேண்டும். கவர் சாகவே கூடாது. "நாங்க என்னா தெருவுலயா வீசப்போறோம்? பத்திரமா வச்சுக்கப்போறோம்" என்றார்கள். செத்துப் பிழைத்த இன்னாசியும் அதற்குக் கை தூக்கினான்.

"முன்னாடியும் இதத்தான் சொல்லியிருப்பாங்க" என்று திருவேங்கடம் சுவர்த்திரையில் பெருமூச்சு விட்டார். "எடுத்துடலாமான்னு எனக்கே தோணுதும்மா. அதான் பயமா இருக்கு."

மதலேன் எடுக்கவில்லை. கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள். தப்பு தாளில் இல்லை, பதுக்குவதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெளிவாகிவிட்டது. இந்த முறை நொதியை எழுப்புவது நாளின் கணக்கு அல்ல, இருட்டு. உறை கையில் புழங்கிக்கொண்டே இருந்தால், உள்ளங்கைச் சூடும் வெளிச்சமும் படப்பட நொதி உறங்கிக்கொண்டே இருக்கும். உறை வருஷக்கணக்கில் உழைக்கும். மடித்து இருட்டில் செருகிவிட்டால் சில நாளில் விழித்துக்கொண்டு தாளைத் தின்றுவிடும். புழங்கினால் வாழும், பதுக்கினால் கரையும். வாரியத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். மனித சுபாவத்தையே வென்றுவிட்டீர்கள் என்று திருவேங்கடம் பாராட்டினார். ஊரைக் கூட்டி மதலேனே விளக்கினாள். ஜனங்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். வீட்டில் துரைக்கு மட்டும் தனியாக ஓர் உத்தரவு போட்டாள்: மருந்து வந்த உறையிலேயேதான், வெளிச்சம் படுகிற தட்டில் இருக்க வேண்டும், வழக்கம் கிழக்கம் எதுவும் அதில் நுழையக்கூடாது.

அடுத்த மழைக்காலம் நல்லபடியாகக் கழிந்தது. எந்த வீட்டிலும் அலறல் இல்லை. நார்க்கூடத்தில் அவளுக்கு விடுப்புக் கொடுத்தார்கள். நெடுநாள் கழித்து, விடிந்த பிறகும் வீட்டில் இருந்தாள். வெயில் ஏறியதும் வாசலுக்கு வந்து பார்த்தாள்.

குடங்கள் தொங்கிய கொடிகளில் எல்லாம் உறைகள் தொங்கின. தெரு நெடுக, ஊர் நெடுக, வழுவழுவென்று வெயிலில் மின்னின. ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஒருவர் நின்று, உறையை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையால் இந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு, வெளிச்சத்தில் ஒரு திருப்பு, பிறகு நாலாக மடித்து உள்ளே கொண்டுபோனார்கள். ஊறிப்போன பழைய குடங்கள் கொடியில் இடமில்லாமல் ஓரமாகத் தரையில் கிடந்தன.

"முந்தாநாளு ரெண்டு கவரத் தடவ மறந்துட்டேன்" என்று ஜொகரா அங்கிருந்தே சொன்னாள். "கரைஞ்சே போச்சு. இனிமே கணக்கா எடுத்துடணும்."

"அக்கா, அதுல அரிசியப் போட்டு வையுங்களேன். தெனம் எடுப்பீங்க, தெனம் கை படும். தடவவே வேணாமே."

ஜொகரா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "புதுசுல போயா?"

மதலேன் வீட்டுக்குள் திரும்பினாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் துரை நின்று, பையிலிருந்து உறைகளை எடுத்துக்கொண்டிருந்தது. அதன் பீங்கான் கையில் சூடு கிடையாது என்பதால், ஒவ்வொன்றையும் இன்னாசியிடம் நீட்டியது. அவன் காபி குடித்துக்கொண்டே, பார்க்காமலே, தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தான். மனைவியைக் கண்டதும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"நின்னுகிட்டே இருக்கியே. ஒரு கை புடி."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். துரை ஓர் உறையை அவள் கையில் வைத்தது. அவளே செய்த தாள், புத்தம் புதுசு. இந்தப் பக்கம் ஒரு தரம் தேய்த்தாள், அந்தப் பக்கம் ஒரு தரம் தேய்த்தாள். மடிப்பு கலையாமல் நாலாக மடித்தாள்.

"உள்ள வை" என்றாள்.